தீர்ப்புக்குப் பிறகு மாநகராட்சி என்ன செய்கிறது? தென்னாப்பிரிக்காவின் சமூக உரிமை வழக்குகளும் நகர ஆட்சியும்

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீடு, தண்ணீர், மருத்துவம் போன்றவற்றை அரசமைப்புச் சட்டத்திலேயே உரிமைகளாக எழுதிவைத்தால் ஏழைக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்ற கேள்வி இந்தக் களத்தில் அவ்வப்போது எழுகிறது. நாம் பெரும்பாலும் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதோடு நின்றுவிடுகிறோம். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் மாரியுஸ் பீட்டர்சாவின் ஆய்வுகள் அடுத்த படிக்குப் போகின்றன. உரிமை என்பது நாட்டின் அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான ஒப்பந்தமாக எழுதப்பட்டிருந்தாலும், அதை நிறைவேற்றும் சுமை கடைசியில் வந்து விழுவது மாநகராட்சியின் மீதுதான் என்பதையும், சமூக உரிமை வழக்குகள் நகரங்களின் அதிகாரத்தையும் கடமையையும் சேர்த்தே மாற்றியமைக்கின்றன என்பதையும் அவர் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். அதை முன்வைத்து இங்கு ஒரு விவாதம் நடக்கட்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, போதுமான வீட்டுவசதியைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது; தன்னிடம் உள்ள வளங்களுக்கு உட்பட்டு அதைப் படிப்படியாக நிறைவேற்ற அரசு நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்கிறது; எல்லாச் சூழ்நிலைகளையும் சீர்தூக்கிப் பார்த்து நீதிமன்றம் ஆணையிட்டால் ஒழிய எவரையும் அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது.

இதன் முதல் பெரிய சோதனை குரூட்பூம் வழக்கு. கேப் டவுனை அடுத்த வாலஸ்டீன் குடிசைப்பகுதியில் குளிர்கால மழைநீர் தேங்கி வாழ முடியாமல் போனதால், 1998-இல் 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் அருகில் காலியாகக் கிடந்த தனியார் நிலத்தில் குடிசை போட்டார்கள். 1999 மே மாதத்தில், வெளியேற்றத்துக்குக் குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்பாகவே, அந்தக் குடிசைகள் இடித்து எரிக்கப்பட்டன. பழைய இடத்தை அதற்குள் வேறு யாரோ பிடித்துவிட்டிருந்ததால், அவர்கள் ஒரு விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் தாள்களின் கீழ் ஒதுங்கினார்கள். 2000 அக்டோபரில், அரசமைப்பு வழக்குகளில் இறுதி முடிவு சொல்லும் அரசமைப்பு நீதிமன்றத்துக்காக நீதிபதி ஜாக் யாகூப் எழுதிய தீர்ப்பு, நாட்டின் வீட்டுவசதித் திட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இன்றிரவு தலைக்கு மேல் கூரை இல்லாதவனுக்கு அதில் எதுவும் இல்லை என்றால் அது நியாயமான திட்டம் ஆகாது என்றது. இன்ன நாளுக்குள் இன்ன வீட்டைக் கொடு என்று அது சொல்லவில்லை. வழக்குக்குப் பெயர் தந்த ஐரீன் குரூட்பூம் 2008-இல் இறந்தபோதும் குடிசையில்தான் இருந்தார்.

இதற்குப் பிறகுதான் நகரங்களின் கதை தொடங்குகிறது. வீட்டுவசதி என்பது அந்நாட்டு அரசமைப்பின் நான்காவது அட்டவணைப்படி தேசிய, மாகாண அரசுகளின் பொறுப்பு. ஆனால் 2011-இல் புளூ மூன்லைட் வழக்கில், தனியார் உரிமையாளரால் வெளியேற்றப்படும் 86 ஏழைகளுக்கு மாற்றுத் தங்குமிடம் தரவேண்டியது ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சியின் கடமை என்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. மாகாணம் பணம் தரவில்லை என்று மாநகராட்சி வாதிட்டது. திட்டமிட்டுப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டிய ஒன்றுக்கு ஒதுக்காமல் விட்டுவிட்டு, பின்னர் வரவு செலவுத் திட்டத்தில் இடமில்லை என்று சொல்வது ஏற்கத்தக்க பதில் அல்ல என்பது நீதிமன்றத்தின் நிலை. இது சரிதானா என்பதே என் கேள்வி. சரி என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டு நகராட்சிகளில் பொறியியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மாநகராட்சியின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் பெருநகரங்கள் தங்கள் வருவாயில் பெரும்பங்கைத் தாங்களே ஈட்டுகின்றன: சொத்து வரி, மின்சார விற்பனை, குடிநீர்க் கட்டணம். இந்த மூன்றுமே கட்டுபவர்கள் கட்டினால்தான் வரும். அந்தப் பணத்தில் கழிவுநீர்க் குழாயும் குப்பை வண்டியும் தெருவிளக்கும் ஓட வேண்டும். இவற்றுக்கு நடுவில், ஒரு தனியார் கட்டட உரிமையாளர் எப்போது யாரை வெளியேற்ற நீதிமன்றம் போவார் என்று முன்கூட்டியே கணித்து, அத்தனை பேருக்கும் அறைகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றால், எந்த அளவுகோலை வைத்துத் திட்டமிடுவது? குழாய் பதிப்பதற்கு மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. வெளியேற்ற வழக்குகளுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 86 பேருக்கு நீதிமன்றம் இடம் வாங்கிக்கொடுக்கும்போது, நீதிமன்றத்துக்கே வராமல் பத்து ஆண்டுகளாக வீட்டுவசதிப் பட்டியலில் காத்திருப்பவனின் இடம் பின்னால் தள்ளப்படுகிறது. வழக்கறிஞர் கிடைத்தவனுக்கு முன்வரிசை என்ற நிலை வந்துவிடக் கூடாது. கடமையைச் சுமத்துகிறவர்கள் பணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதுதான் நகராட்சியில் வேலை பார்த்த எவரும் சொல்லக்கூடியது. பேராசிரியரின் ஆய்வு நகரங்களின் தன்னாட்சியை மதிக்கிறது என்றால், நகரம் தன் முன்னுரிமையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையையும் மதிக்க வேண்டாமா?

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

பொறியாளர் ஐயாவின் அக்கறை நியாயமானது. ஆனால் நகரம் தன் முன்னுரிமையைத் தானே வகுக்கட்டும் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2009-இல் வந்த மசிபுகோ தீர்ப்பைத்தான் சொல்கிறேன்.

சொவேட்டோவின் ஃபீரி பகுதியில், மீட்டர்கள் வருவதற்கு முன்பு வீட்டுக்கு மாதம் 20 கிலோலிட்டர் என்று தோராயமாகக் கணக்கிட்டுக் கட்டணம் விதிக்கப்பட்டது. பெரும்பாலோர் கட்டவில்லை, பழைய குழாய்களிலிருந்து ஏராளமான தண்ணீர் கசிந்து வீணாயிற்று. மாநகராட்சி முன்பணம் செலுத்தும் மீட்டர்களைப் பொருத்தியது. மாதத்துக்கு ஒரு மனைக்கு 6 கிலோலிட்டர் இலவசம். அது தீர்ந்தால் குழாய் தானாக நின்றுவிடும், பணம் கட்டினால்தான் மறுபடி திறக்கும். இந்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கு ஒரு மனையில் எட்டுப் பேர் இருப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. சொவேட்டோவில் ஒரே மனையின் பின்புறத்தில் தகர அறைகள் கட்டி இன்னொரு குடும்பத்தை வாடகைக்கு வைப்பது மிகச் சாதாரணம். பதினாறு பேர் ஆனால் ஆளுக்குப் பன்னிரண்டரை லிட்டர். ஒரு வாளி நீரில் சமையல், குளியல், கழிப்பறை எல்லாம் முடிய வேண்டும்.

உயர் நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 42 லிட்டர் என்றது. அரசமைப்பு நீதிமன்றமோ இரண்டையும் நீக்கியது. எத்தனை லிட்டர் போதும் என்று அளந்து சொல்வது நீதிமன்றத்தின் வேலை அல்ல, அரசின் கொள்கை நியாயமானதா என்று பார்ப்பதே தன் வேலை, மாநகராட்சியின் கொள்கை நியாயமானதே என்று நீதிபதி கேட் ஓ'ரீகன் எழுதினார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே மாநகராட்சி தன் கொள்கையைத் திருத்தி, மிக ஏழைக் குடும்பங்களுக்குக் கூடுதல் நீர் தர முன்வந்ததையும் தீர்ப்பு சுட்டிக்காட்டுகிறது.

ஆகவே நான் பார்ப்பது இதுதான். வெளியேற்றம் என்றால் நீதிமன்றம் உறுதியாக நிற்கிறது, ஏனென்றால் 26-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நீதிமன்றத்தின் ஆணையையே கேட்கிறது. நீதிபதியின் கையெழுத்து இல்லாமல் எவரையும் தெருவில் நிறுத்த முடியாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அன்றாடச் சேவை என்றால் அதே நீதிமன்றம் தயங்குகிறது. 2009-இலேயே வந்த ஜோசஃப் வழக்கில், கட்டட உரிமையாளர் மின்கட்டணம் கட்டாததற்காக வாடகைக்குடியிருப்போரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் அவர்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று தீர்த்தார்கள். நல்ல தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கும் கிடைத்தது முன்னறிவிப்பு மட்டுமே. முறையாகச் சொல்லிவிட்டுத் துண்டிக்கலாம். நடைமுறை நீதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை நாள் வாழ முடியும்?

ஜோபர்க் தமிழன் எழுதியது:

சில ஆண்டுகளாக இந்நகரத்தில் பணிபுரிகிறேன். சட்டம் படித்தவன் அல்லன். தீர்ப்புகளுக்குப் பிறகு இங்கு கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

நகர மையத்தில் பல மாடிக் கட்டடங்கள் உரிமையாளர்களால் கைவிடப்பட்டவை. அவற்றைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக வாடகை வசூலிக்கும் கும்பல்கள் உண்டு. ஒரு பெரிய கூடத்தை அட்டையாலும் மரப்பலகையாலும் தடுத்து இருபது குடும்பங்களுக்கு விடுவார்கள். படிக்கட்டில் விளக்கு இருக்காது. தீயணைப்புக் குழாயில் தண்ணீர் இருக்காது. கீழ்த்தளத்தில் குப்பை நிரம்பியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் காவலாளிகள், வீட்டுவேலை செய்பவர்கள், தெருவில் பழம் விற்பவர்கள். அவர்களுக்கு வேலை நகர மையத்தில். வெளியே போனால் மினிபஸ் டாக்சிக்கே கூலியில் பெரும்பகுதி போய்விடும்.

2023 ஆகஸ்ட் 31 அன்று அதிகாலை மார்ஷல்டவுனில் உள்ள உசிந்திசோ கட்டடத்தில் தீப்பிடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது தனியார் கட்டடம் அல்ல, மாநகராட்சிக்கே சொந்தமானது. நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் நகருக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வரிசையில் நின்ற அலுவலகம் அதுதான். பின்னாளில் பெண்களுக்கான காப்பகமாக இருந்து, பிறகு கைவிடப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி சிசி கம்பெபெ தலைமையிலான விசாரணை ஆணையம் 2024-இல் மாநகராட்சியின் பொறுப்பைத் தெளிவாகச் சுட்டியது.

தீ விபத்துக்கு மறுநாளே, வெளியேற்றங்களைத் தடுக்கும் சட்டமும் அதற்காக வாதாடும் அமைப்புகளுமே இதற்குக் காரணம் என்று சில அரசியல்வாதிகள் பேசினார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. தன் சொந்தக் கட்டடத்தில் தீயணைப்பு வசதியையும் தண்ணீரையும் சரியாக வைத்திருப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லையே.

மாட்டுங்கா வாசகி எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் போது எங்கள் ஊர் வழக்கு நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1985-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் தமிழர். சேலம் பகுதியிலிருந்து 1961-இல் வேலை தேடி பம்பாய் வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. அவருடைய நிலைமையைத் தீர்ப்பே விவரிக்கிறது. நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி. மேற்கு விரைவுச் சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்காக அந்தப் பகுதித் தாதாவுக்கு 2,500 ரூபாய் கொடுத்திருந்தார். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். 1981 ஜூலை 23 அன்று அதை இடித்துவிட்டுக் குடும்பத்தையே சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலைக்காகத் திரும்பி வந்து இன்னொரு நடைபாதையில் இடம் பிடித்தார்.

வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை நாம் பெருமையாக மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலம் முடியும் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்பதும், 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அட்டை வைத்திருந்தவர்களுக்கு மாற்று இடம் என்பதும்தான் கையில் கிடைத்தவை. தென்னாப்பிரிக்க நீதிமன்றம் மாற்று இடத்தை மாநகராட்சியின் கடமையாகவே ஆக்கியிருப்பதை அதன் அருகில் வைத்துப் பார்த்தால், நமக்கு எவ்வளவு தூரம் பாக்கி இருக்கிறது என்பது புரிகிறது. அந்தச் சேலத்துக் குடும்பம் பிரிந்ததற்கு எந்தத் தீர்ப்பிலும் பரிகாரம் இல்லை.

சட்டக்கல்லூரி மாணவன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். புளூ மூன்லைட் வழக்கில் சொத்துரிமை என்ன ஆயிற்று? மாநகராட்சி இடம் தேடும் வரை உரிமையாளர் தன் கட்டடத்தில் மற்றவர்களை இலவசமாக வைத்திருக்க வேண்டுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பியின் கேள்விக்கு முதலில் பதில். உரிமையாளர் காலவரையின்றி இலவச வீட்டுவசதி தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது; வெளியேற்ற ஆணையும் பிறப்பித்தது. மாநகராட்சி தங்குமிடம் தருவதற்கு ஒரு நாளையும் குடியிருப்போர் வெளியேற அதற்குப் பிந்தைய ஒரு நாளையும் குறித்து இரண்டையும் பிணைத்தது. சிறிது காலம் பொறுத்திருக்க வேண்டியது மட்டுமே உரிமையாளர் மீது விழுந்த சுமை. அந்தப் பொறுமை எவ்வளவு காலத்துக்கு நீள்கிறது என்பது மாநகராட்சியின் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே மாநகராட்சி தாமதித்தால் உரிமையாளரும் குடியிருப்போரும் ஒருசேரப் பாதிக்கப்படுகிறார்கள்.

மாட்டுங்கா வாசகி அம்மா குடும்பம் பிரிந்ததைச் சொன்னார்கள். புளூ மூன்லைட் வழக்கில் வென்றவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. மாநகராட்சி அவர்களை எகுதுலேனி என்ற காப்பகத்துக்கு அனுப்பியது. அங்கே ஆண்கள் ஒரு கூடத்திலும் பெண்கள் ஒரு கூடத்திலும் தங்க வேண்டும் என்பது விதி. கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருக்க முடியாது. காலையில் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். இரவுக் காவல் வேலை பார்ப்பவன் பகலில் எங்கே தூங்குவான்? அவர்கள் மறுபடி வழக்காடினார்கள். 2017 டிசம்பர் 1 அன்று, ட்லாட்லா வழக்கில், இவ்விரு விதிகளும் மனிதமாண்பையும் தனிவாழ்வுரிமையையும் மீறுவதாக நீதிமன்றம் தீர்த்தது. முதல் தீர்ப்பு வந்ததும் 2011 டிசம்பர் 1 அன்றுதான். உரிமை இருக்கிறது என்று நிறுவப்பட்ட பிறகு, அந்த உரிமையோடு சேர்ந்து மனைவியுடன் ஓர் அறையில் தூங்கவும் பகலில் உள்ளே இருக்கவும் அதே மனிதர்களுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

பொறியாளர் ஐயாவின் வாதத்துக்கு இங்கேதான் என் பதில். நகரத்தின் தன்னாட்சியை நீதிமன்றம் எப்போதும் நசுக்குகிறது என்பது சரியல்ல. 2010-இல் கௌட்டெங் (ஜோகன்னஸ்பர்க் அமைந்துள்ள மாகாணம்) வளர்ச்சித் தீர்ப்பாய வழக்கில், நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் மாநகராட்சிக்கே உரியது, மாகாண அளவிலான தீர்ப்பாயம் அதில் தலையிடக் கூடாது என்று ஜோகன்னஸ்பர்க்கின் பக்கமே அது தீர்த்தது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் தனக்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்ற நகரம், அந்த நிலத்தில் ஏழைக்கு இடம் எங்கே என்ற கேள்வி வரும்போது அது மாகாணத்தின் வேலை என்று கைகாட்ட முடியாது. அதிகாரமும் கடமையும் ஒரே கைக்கு வந்தன. பீட்டர்சாவின் ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும், உரிமைகளையும் நகரத் தன்னாட்சியையும் எதிரெதிர் தட்டுகளில் வைக்காமல் ஒன்றாகப் படிக்கும் இந்த அணுகுமுறைதான்.

நீதிமன்றம் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டதும் இல்லை. ஒலிவியா ரோடு வழக்கில், பாதுகாப்பற்ற கட்டடங்கள் என்று சொல்லி நானூறுக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற மாநகராட்சி முயன்றபோது, 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் தீர்ப்பை நிறுத்திவைத்து, இரு தரப்பும் உட்கார்ந்து உண்மையாகப் பேசிவிட்டு வாருங்கள் என்றார்கள். சில வாரங்களிலேயே உடன்பாடு வந்தது: உடனடியாகத் தண்ணீர், கழிப்பறை, குப்பை அகற்றல், பிறகு நகர மையத்திலேயே மாற்றுக் கட்டடங்கள். பல ஆண்டுகள் வழக்காடியும் கிடைக்காதது மேசையில் அமர்ந்ததும் கிடைத்தது. ஆயினும் நீதிமன்றத்தின் கண் மேலே இருந்ததால்தான் மாநகராட்சி அந்த மேசைக்கே வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

திட்டமிடல் அதிகாரம் பற்றிச் சொன்னது வலுவான வாதம், அதை ஏற்கிறேன். காப்பகத்தின் பகல்பூட்டு விதி பணத்தால் வந்ததல்ல, மனத்தால் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதவைத் திறந்து வைக்கப் பெரிய தொகை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் பணத்தைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. தற்காலிகத் தங்குமிடம் என்று ஒன்றைக் கட்டினால், அங்கிருந்து அடுத்து எங்கே போவது? குறைந்த வாடகையில் நிரந்தர வீடு இல்லாவிட்டால் வந்தவர்கள் அங்கேயே தங்குவார்கள்; அடுத்த வழக்கில் வருபவர்களுக்கு இடம் இருக்காது; மாநகராட்சி மறுபடியும் நீதிமன்றத்தில் கைவிரிக்கும். நீர்த்தேக்கத்துக்கு வெளிமதகு இல்லாமல் உள்மதகை மட்டும் வைத்துக் கட்டினால் எத்தனை பெரிய தேக்கமும் நிரம்பிவிடும்.

மதுரை வழக்கறிஞர் எழுதியது:

ஐயா சொன்ன வெளிமதகுதான் இனி வரும் வழக்குகளின் களம் என்று எண்ணுகிறேன். கேப் டவுனின் உட்ஸ்டாக் பகுதியில் பிராம்வெல் தெருக் குடியிருப்போர் வழக்கில் 2024 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் ஒரு படி மேலே போயிருக்கிறது. நகர மையத்தில் வாடகை வீடுகளைப் பெருக்கும் கொள்கை ஒருபுறம் இருக்க, அங்கிருந்து வெளியேற்றப்படுவோருக்கு மட்டும் நகரின் விளிம்பில் இடம் தருவோம் என்ற மாநகராட்சியின் நிலை நியாயமற்றது என்று சொல்லி, உட்ஸ்டாக்கிலோ சால்ட் ரிவரிலோ நகர மையத்திலோ, முடிந்தவரை அவர்கள் வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே, தற்காலிகத் தங்குமிடத்தை ஆறு மாதத்துக்குள் உருவாக்கித் தர ஆணையிட்டது.

எந்த இடத்தில் என்ற கேள்வி உரிமைக்குள் வந்துவிட்டால், நகரத்துக்குச் சொந்தமான, நல்ல இடத்தில் உள்ள நிலங்களை யாருக்கு விற்பது என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். கார் நிறுத்துமிடமாகக் கிடக்கும் மாநகராட்சி நிலம் ஏலத்துக்குப் போகும் முன், இந்த உரிமையை எடுத்துக்காட்டி அதைத் தடுக்க முடியுமா? அடுத்த சுற்று விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொறியாளர் ஐயா, நகராட்சி நிலங்களின் பதிவேடு நடைமுறையில் எப்படிப் பராமரிக்கப்படுகிறது, ஏல முடிவு எந்தக் கட்டத்தில் நகர்மன்றத்தின் முன் வருகிறது என்பதை உங்கள் அனுபவத்திலிருந்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.